கீறல் விழாத ஹெல்மெட்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் அணிக்கு சாஃப்ட்பால் கோச் நான். புதிதாக வந்த ஹெல்மெட்டுகளை, இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி பார்க்கும்வரை கீறல் விழக்கூடாது என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தேன்.

கடலூரில் மேட்சுக்கு முன்னால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பயிற்சி கொடுத்தேன். நான் வீசிய பந்து, வெறுந்தலையோடு பேட் பிடித்து நின்ற சுகந்தியின் நெற்றிப்பொட்டில் பட்டது. சுருண்டு விழுந்தவள் கண் திறக்கவில்லை. பீரோ சாவி என் பாக்கெட்டிலேயே இருந்தது. பிள்ளை பிழைப்பாளா என்பதற்கு முன், வேலை போய்விடுமே என்றுதான் நினைத்தேன்.

தண்ணீர் தெளித்ததும் முனகினாள்: "நான்தான் சார் குனியல. கோச்சிக்காதீங்க."

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது எங்கள் ஹெல்மெட்டெல்லாம் கீறல்தான். அந்தச் சாவியைப் பற்றி மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பயம்தான்.