ஒன்பதை அடித்து எட்டு

ஆறு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. காலை 10.20க்கு ஏழாம் வகுப்பில் நுழைந்தேன் என்று என் நாட்குறிப்பு சொல்கிறது.

அதற்கு முன் பதினான்கு வருடம் ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். இயற்பியல் பட்டம் படித்திருந்தேன். அறிவியல் ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு, வேறு வேலைகளில் இருக்கும் பட்டதாரிகளைப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறோம் என்று ஓர் அறக்கட்டளை அழைத்தபோது, வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். ஆறு மாதப் பயிற்சி. பர்கூரில் கிரானைட் அறுக்கும் இடத்தில் சூப்பர்வைசராக இருந்தவரும், கல்லாவியில் கணக்கு டியூஷன் எடுத்தவரும் என்னோடு இருந்தார்கள். மதியம் எங்கள் மூன்று சாப்பாட்டு டப்பாக்களும் கை மாறும். அதில் வரும் கொள்ளுக் குழம்பின் வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

எங்கள் பயிற்சியாளர் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அக்கா என்பார். நான் அவரை மேடம் என்பேன். கடைசியாக ஒரு வகுப்பு எடுத்துக் காட்டி, அவர் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளி கிடைக்கும். இல்லையென்றால் வீடுதான். அந்த வகுப்புதான் அன்று.

பாடம், நீளத்தை அளப்பது. முந்தின நாளே முப்பத்திரண்டு ஈர்க்குச்சிகளை, ஒவ்வொன்றும் சரியாக எட்டு சென்டிமீட்டர் இருக்கும்படி வெட்டி வைத்திருந்தேன். பிள்ளைகள் தங்கள் ஸ்கேலால் அளந்தார்கள். ஐந்து பேரை எழுப்பிக் கேட்டேன். ஐந்து பேரும் எட்டு என்றார்கள். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது மிஸ்" என்று கூரை அதிரச் சொன்னார்கள். 'அனைவருக்கும் புரிந்தது' என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, நிமிடம் பிசகாமல் வகுப்பை முடித்தேன்.

பயிற்சியாளர் கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் அவளுடைய நோட்டை என்னிடம் நீட்டினார். ஒன்பது என்று எழுதி, அதை அடித்து, எட்டு என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா அடிச்ச?" என்றேன்.

"எல்லாரும் எட்டுன்னாங்க மிஸ். என் ஸ்கேல்ல ஜீரோ இல்ல."

ஸ்கேலைக் காட்டினாள். முனை உடைந்து, ஒன்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

"ஸ்கேல கடிச்சுத் தின்னுட்டா மிஸ்" என்றான் முன்னால் இருந்தவன்.

"போடா, உன் தம்பிதான்டா ஒடச்சான்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

மற்ற நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். இன்னும் ஆறு நோட்டுகளில் அடித்தல். கேட்டுப் பார்த்தால், நல்ல ஸ்கேல் வைத்திருந்த சிலரும் ஒன்றிலிருந்து அளந்திருந்தார்கள். சிலர் ஜீரோவுக்கும் முன்னால், ஸ்கேலின் ஓரத்திலிருந்தே.

வராந்தாவில் பயிற்சியாளர் மெதுவாகத்தான் கேட்டார். "ஏங்க்கா அஞ்சு பேர மட்டும் கேட்டீங்க?"

யோசிக்காமலே பதில் வந்தது. "கம்பெனில அம்பதுக்கு அஞ்சு பாப்போம் மேடம். அஞ்சும் சரின்னா மொத்த லாட்டும் பாஸ்."

அவர் சிரித்துவிட்டார். "அது எல்லாம் ஒரே மெஷின்ல வந்தது. இதுங்க முப்பத்திரெண்டு வீட்ல இருந்து வருதுங்க. வெள்ளிக்கிழமை இதே பாடத்த மறுபடி எடுங்க. பாக்கலாம்."

கையெழுத்துப் போடவில்லை. ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர், "ஸ்கேல் வச்சு அளக்கறதுலயா ரிஜெக்ட் ஆன? பதினாலு வருஷமா அதத்தான செஞ்ச?" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. தேய்ந்த கருவியைக் கண்ட இடத்திலேயே ஒதுக்கி வைத்தவள், ஒரு குழந்தையின் கையில் இருந்த உடைந்த ஸ்கேலைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தச் சிறுமியின் ஸ்கேலைத்தான் கேட்டு வாங்கினேன். அதைத் தூக்கிக் காட்டி, "இதுல இந்தக் குச்சிய அளக்க முடியுமா?" என்றேன். "ஒடஞ்சது மிஸ், ஆகாது" என்றது பாதி வகுப்பு. "ஆகும்" என்றது மீதி. சண்டை நடந்தது. அவளையே முன்னால் கூப்பிட்டேன். குச்சியை வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு, வீட்டில் பேசும் கன்னடத்தில் ஒந்து, எரடு, மூரு என்று முணுமுணுத்தாள். கடைசிக் கட்டத்தில் நிமிர்ந்து, "எட்டுதான் மிஸ். நான் ஒண்ணுல இருந்துதான ஆரம்பிச்சேன்" என்றாள்.

பிறகு பெஞ்ச் பெஞ்சாகப் போய் ஒவ்வொருவரையும் என் கண் முன்னால் அளக்கச் சொன்னேன். பத்தொன்பதாவது பிள்ளையிடம் இருக்கும்போது மணி அடித்துவிட்டது. திட்டமிட்ட பாடத்தில் பாதி நிற்கிறது. போயிற்று என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துக்கான காகிதத்தை நீட்டினேன். பயிற்சியாளர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"பாடம் முடியலையே மேடம்?"

"மீதி பதிமூணு பேரு யாருன்னு தெரியுமில்ல? திங்கக்கிழமை அவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க."

அந்தப் பள்ளியே எனக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை அந்தச் சிறுமிக்கு ஒரு புது ஸ்கேல் வாங்கிக்கொண்டு போனேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். "இது இருக்கட்டும் மிஸ். என்னுதுல ஒண்ணக் கழிச்சா சரியா வந்துருது."

அந்தப் புது ஸ்கேல் இன்றும் என் நாட்குறிப்புக்குள் பக்க அடையாளத்துக்கு இருக்கிறது. தினமும் பாடம் முடிந்ததும் இன்னும் புரியாதவர்களின் பெயர்களைத்தான் நாட்குறிப்பில் எழுதுகிறேன். 'அனைவருக்கும் புரிந்தது' என்ற வரியை அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஒரு நாளும் எழுதியதில்லை.