முத்தாயி வளர்த்த காட்டுக் கரப்பான்கள்

மலாக்காவில் ரெம்பியாவுக்கு உள்ளே, கல்லுமேட்டு ரப்பர் தோட்டத்தில், பட்டையைச் சீவிப் பால் இறக்கும் பால்மரம் வெட்டு வேலையில் இருந்தாள் முத்தாயி. நெடுநெடுவென்ற உயரம், கனத்த குரல். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது அவள் போடும் ஒரு சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் புருஷன் சிவசாமியும்தான். சிவசாமி புகைவீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடும் வேலையில் இருந்தான்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரச் சர்க்கார் போட்ட அவசரகாலம் பிறந்து மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அவள் வெட்டும் மரவரிசையான நிரையின் கடைசியில் ஒரு கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், காற்றில் சாய்ந்து மக்கிப்போய்க் கிடந்தது. மங்குகளில் பால் நிறைவதற்காகக் காத்திருந்த ஒரு காலையில் முத்தாயி அதன்மேல் உட்கார்ந்தாள். பட்டை பொத்தென்று உள்வாங்கியது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே விரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம். அதில் கன்னங்கரேலென்று, எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்போடு ஒரு கரப்பான் இருந்தது. இறக்கை இல்லை. வீட்டுக் கரப்பான்போல வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடவில்லை. அதன் பின்னால் பழுப்பு நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக ஒண்டிக்கொண்டிருந்தன. அது நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அன்று முத்தாயி பால் எடுக்கத் தாமதமாகப் போனாள். மறுநாளும் போய்ப் பார்த்தாள். மூன்றாவது தடவை மரத்துண்டோடு அவற்றைத் தலைத்துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"எதுக்கு புள்ள இது? கோழிக்கா?" என்றான் சிவசாமி.

"கோழி கிட்ட வந்துச்சுன்னா கோழியத்தான் குழம்பு வைப்பேன். நான் வளக்கப் போறேன்."

"கரப்பான யாராச்சும் வளப்பாங்களா?"

"நான் வளக்கறேன்ல."

முதலில் கடையிலிருந்து வாங்கிவந்த சோப்புப் பெட்டியில் விட்டாள். மரம் தின்று பிழைக்கும் ஜீவனை மரப்பெட்டியில் வைத்தால் என்ன ஆகும்? பெட்டியின் மூலையில் வழி செய்துகொண்டு அவை பக்கத்து வீட்டு மாரியம்மாவின் பாய்க்கடியில் போய்ப் படுத்தன. மாரியம்மா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று நடந்த சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

அடுத்தது மண்ணெண்ணெய் டின். கழுவிக் காயவைத்து, மேலே ஆணியால் துளை போட்டாள். அது வெயிலில் அடுப்பாகக் கொதித்தது, உள்ளே மரத்தூள் பொரிந்து காய்ந்தது, பாதி செத்துப்போயின. முத்தாயி செத்தவற்றை வாழையடியில் கொட்டிவிட்டு, அந்த மக்கிய மரத்தடிக்கே திரும்பப் போனாள். கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். சில்லென்று ஈரம். அதன் பிறகுதான் அவளுக்குப் பிடி கிடைத்தது.

புலம்பிக்கொண்டேதான் என்றாலும், சிவசாமி இரண்டு டின்களை வெட்டி ஒன்றாகச் சேர்த்து ஈயம் வைத்துக் கொடுத்தான். அடியில் ஆற்றங்கரைக் களிமண்ணைப் பூசி, அதன்மேல் மக்கிய மரத்தையும் சருகையும் கையால் நொறுக்கிப் பரப்பினாள். முன்பக்கத் தகரத்தை எடுத்துவிட்டு, உடைந்த சாமிப்பட ஃபிரேமின் கண்ணாடியைப் பொருத்தினாள். மேலே கம்பிவலை. ஈரத்துணி ஒன்றைத் தினமும் நனைத்து வலையின் ஓரத்தில் போட்டாள். சிவப்பெறும்பு ஏறாதபடி, பெட்டிக்கு நான்கு கால் வைத்து, அவற்றைத் தண்ணீர் ஊற்றிய பால்டின்களில் நிறுத்தினாள். ஒரு மாதம் போனது. ஒன்றும் சாகவில்லை. கண்ணாடியை ஒட்டி அவை சுரங்கம் தோண்டுவதை அவள் சோறு உண்டபடியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் உத்தரவு வந்தது. காட்டோரமாகச் சிதறிக்கிடக்கிற லய வீடுகளையெல்லாம் காலிசெய்துவிட்டு, எல்லோரும் பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் முள்கம்பி போட்ட இடத்துக்குக் குடிபோக வேண்டும். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போகக்கூடாது என்பது சர்க்காரின் கணக்கு. லாரி வந்து நின்றது. தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பாலகிருஷ்ணன் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக நின்று சாமான் ஏற்றுவதை மேற்பார்வையிட்டார்.

"அது என்னா?" என்றார், பெட்டியைப் பார்த்து.

"கரப்பான், கிராணி ஐயா."

"இந்தச் சனியனையெல்லாம் லாரியில ஏத்த முடியாது. கொட்டிட்டு வா."

"அப்ப நானும் ஏறலே."

சட்டி பானையோடு சிவசாமி லாரியில் போனான். முத்தாயி பெட்டியைத் தலையில் சும்மாட்டின்மேல் வைத்துக்கொண்டு, லாரி கிளப்பிய புழுதியிலேயே நடந்து வந்து சேர்ந்தாள். மறுநாள் அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

கம்பிவேலிக்குள் வாழ்க்கை வேறாயிற்று. வேலைக்குப் போகும்போது ஒரு வாய்க் கஞ்சிகூட எடுத்துப்போகக் கூடாது. பசியாறாமல் வெட்டிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டும். கேட்டில் பெண்களை நிறுத்தி, பால்வாளியைக் கிளறி, முந்தானையை உதறச்சொல்லிப் பார்ப்பார்கள். கடையில் சாப்பாட்டு டின் வாங்கினால், காட்டுக்கு அனுப்பச் சேர்த்துவைக்க முடியாதபடி, கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒஸ்மான் நல்லவன்தான். ஆனாலும் சோதிக்காமல் விட்டால் அவன் வேலை போய்விடும்.

முத்தாயி தினமும் மக்கிய மரத்துண்டு ஒன்றோடு திரும்புவாள். ஒஸ்மான் அதை உடைத்துப் பார்ப்பான். தூள் கொட்டும். "போ அக்கா" என்பான்.

கிராணிக்கு அது பொறுக்கவில்லை. லாரியடியில் அவள் எதிர்த்துப் பேசியதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். ஒருநாள் அலோர் காஜாவிலிருந்து போலீஸ் அதிகாரி ஒருவரைக் கூட்டிவந்து, முத்தாயியின் வாசலில் நிறுத்தினார். டின்னுக்குள் தீனி சேர்க்கிறாள், தினமும் வெளியே போய் யாரையோ பார்க்கிறாள் என்பது அவர் சொன்ன புகார்.

அதிகாரி மலாயில் கேட்டார். கிராணி தமிழில் சொன்னார். "உள்ள என்னா வச்சிருக்கே?"

"கண்ணாடி போட்டிருக்கேன். பாத்துக்கச் சொல்லுங்க."

அதிகாரி குனிந்து பார்த்தார். கட்டைவிரல் பருமனில் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் மெதுவாக மீசையை ஆட்டியது. சட்டென்று நிமிர்ந்தார்.

"எதுக்கு வளக்கறேன்னு கேக்கறாரு. மருந்துக்கா, சூனியத்துக்கா? உண்மையச் சொல்லு."

"எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"இதெல்லாம் ஒரு காரணமா? கோழித்தீனின்னு வச்சிக்கிட்டா அதுவும் தீனிதான். தீனிய சேத்து வைக்கக்கூடாது, சட்டம்" என்றார் கிராணி.

முத்தாயி வலையை எடுத்தாள். உள்ளே கையை விட்டு ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கிராணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது தீனியா? அப்ப நீங்க ஒண்ணு தின்னு காட்டுங்க. இப்பவே மொத்தத்தையும் கொட்டிடறேன்."

லயத்து வாசல்களில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு என்ன விளங்கியதோ, அவருக்கும் உதடு கோணியது. ஒன்றும் எழுதாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுவாரம், முத்தாயி வேலையிலிருந்து வந்தபோது பெட்டியிலிருந்து மண்ணெண்ணெய் நாற்றம் வீசியது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. எல்லாம் மல்லாந்து கிடந்தன. குஞ்சுகளும்தான். கிராணியின் ஆபீஸ் ஆள் காலையில் வந்து போனதை மாரியம்மா பார்த்திருந்தாள். பேச்சில்லாமல் இருந்தவள் வாசலில் வந்து நின்று அதைச் சொன்னாள்.

முத்தாயி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீஸ் படிக்குப் போனாள். ஆபீஸ் குழாயைத் திறந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாள். செத்தவை படிக்கட்டின் கீழே ஓடிய தண்ணீரில் மிதந்தன. கிராணி வெளியே வந்தார்.

"ஏய், என்னா பண்றே இங்க?"

"நீங்க அழுக்காக்குனதக் கழுவறேன். நாளைக்கு வேற குடி வருது."

"மரத்துண்டு ஒண்ணுகூட கேட்டத் தாண்டாது. ஒஸ்மான்கிட்ட சொல்லிடறேன்."

சொல்லியும் விட்டார். மறுநாள் முத்தாயி கொண்டுவந்த துண்டை ஒஸ்மான் தலையைக் குனிந்தபடியே வாங்கி வெளியே போட்டான்.

அதற்கு அடுத்த நாள் நடந்ததுதான் தோட்டம் முழுக்கப் பேசப்பட்டது. மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மக்கிய கட்டை இருந்தது. முதலில் நின்றவள் மாரியம்மா.

"இது என்னா?" என்றான் ஒஸ்மான்.

"விறகு. உடைச்சுப் பாத்துக்க. அரிசி ஒளிச்சு வச்சிருந்தாலும் வச்சிருப்பேன்."

உடைக்காமல் விட முடியாது. அவனுக்கு இருந்த உத்தரவு அப்படி. ஒவ்வொரு கட்டையாக உடைத்து, தூளைக் கிளறி, அடுத்தவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வரிசை சாலை வளைவுவரை நீண்டது. வெயில் ஏறியது. யாருக்கும் அவசரமில்லை. முந்தானையை உதறச்சொல்லி உதறச்சொல்லி மாதக்கணக்காகச் சேர்ந்திருந்த கோபம் எல்லோரிடமும் இருந்தது. அதை நின்று காட்டினார்கள். வாளிகளில் பால் திரைந்து கெடத் தொடங்கியது. ஸ்டோரில் தராசோடு காத்திருந்தவர்கள் ஆள் விட்டார்கள். கடைசியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே காரில் வந்து இறங்கினார்.

கிராணி ஓடிவந்து ஏதோ விளக்கினார். துரை கரப்பான் என்ற வார்த்தையை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். திரைந்த பாலைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னதைக் கிராணி சிவந்த முகத்தோடு ஒஸ்மானிடம் சொல்ல வேண்டியதாயிற்று: கட்டையையெல்லாம் விட்டுவிடு, பால் உள்ளே போகட்டும்.

பெண்கள் கட்டைகளை முத்தாயியின் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அவற்றில் இரண்டில் கரப்பான் கூட்டம் உயிரோடு இருந்தது. சிவசாமி வேறு கண்ணாடி தேடிக் கொண்டுவந்தான். இந்தத் தடவை பெட்டி பெரிதாக இருந்தது. உள்ளே நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாக இடம்.

மாரியம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "அசிங்கமாத்தான்லா இருக்கு, அக்கா" என்றாள். ஆனாலும் எழுந்து போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மலாக்காவில் பல இடங்களில் கட்டுப்பாடு தளர்ந்தது. பெண்கள் மறுபடியும் கஞ்சித் தூக்கோடு வேலைக்குப் போனார்கள். அதற்குள் முத்தாயியிடம் நான்கு பெட்டிகள் சேர்ந்திருந்தன. வீட்டுக்குப் பின்னால் நிழல் நன்றாகவே இருந்தது. அவள் அங்கே வைக்கவில்லை. தென்னங்கீற்றில் ஒரு சாய்ப்பு இறக்கி, ஆபீசுக்குப் போகும் வழியை ஒட்டி வரிசையாக வைத்தாள். பெரிய கிராணி தினமும் காலையில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். போனார்.