தெரியாது என்று சொன்னவள்

கால்விரல் இடுக்கில் ஒட்டியிருந்த அட்டையின் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்தபடியே, "ம், படிங்க டீச்சர்" என்றாள் நாகலெட்சுமி. அட்டை சுருண்டு விழுந்தது. குதிகாலை நோக்கிக் கோடாக இறங்கிய இரத்தத்தை அவள் பார்க்கவே இல்லை. கண் முழுவதும் என் கையிலிருந்த கொப்பியில்.

1997இல் யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்தில் வட்டவளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக வந்தேன். பாடசாலையை ஒட்டிய அறையில் தங்கிக்கொண்டு, கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் சரித்திரத் தொடர்கதை எழுதினேன். கூத்தாடிப் பிழைத்த ஏழைப்பெண் ஒருத்தி பேரரசியாகும் கதை. நாடும் அரசியும் என் கற்பனை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாகலெட்சுமி நேரே என் வாசலுக்கு வந்துவிடுவாள். இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும். கதிரையில் உட்காரச் சொன்னால் கேட்கமாட்டாள். படியில் உட்கார்ந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கேட்பாள்.

முதலில் அவள் வந்தது கடிதம் எழுதுவிக்கத்தான். ஒரே மகன் சுமன், பத்தொன்பது வயது, கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றுக்குப் பிறகு தகவலே இல்லை. கடை விலாசத்துக்கே மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்வாள். "தரையில படுத்தா அவனுக்கு முதுகு புடிச்சுக்கும் டீச்சர். அதையும் எழுதுங்க."

பதினாறு வயதில் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் அவள் ராணியாக நின்றிருக்கிறாள். அதில் வேஷம் கட்டிய பெண் அவள் ஒருத்திதான். கண் இமைக்காமல் அவள் நின்ற நிலையைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் அழுதார்களாம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவளுக்கு அடுத்த காம்பராவில், அடுத்த அறையில், இருக்கும் மூக்கன் இதை இன்னும் சொல்வார். அவளிடம் கேட்டேன். "மேடைய விட்டு எறங்கினதும் எங்கப்பா வெளக்குமாத்தால அடிச்சாரு. எனக்கு வலிக்கல டீச்சர். ராணியத்தான் அடிச்சாரு, என்னைய இல்ல."

கூத்தாடிய காலத்தில் ஊரில் விட்டுவந்த மகன், வளர்ந்து அரண்மனைக்குத் தாயைத் தேடி வரும் இடம் கதையில் வந்தது. அரசி அவனைக் கட்டிக்கொண்டு அழுவதாக எழுதியிருந்தேன். நாகலெட்சுமி தலையை ஆட்டினாள்.

"தப்பு டீச்சர். அவ கட்டிப்புடிச்சாள்னா மறுநாளே அரமனக்காரனுங்க அவன கொன்னுபுடுவானுங்க."

"பின்னே என்ன செய்வாள்?"

எழுந்தாள். பின்னேரப் பனிமூட்டம் கதவு வழியாக அறைக்குள் வந்துகொண்டிருந்தது. எதிரே யாரோ நிற்பதுபோல் கையை நீட்டி, ஒரு மோவாயைப் பிடித்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். "யார் இவன்? இவனை நான் அறியேன்." குரல் அவளுடையதாக இல்லை. அந்தத் தமிழும் அவளுடையது இல்லை. அவள் நடித்ததை அப்படியே எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, கொட்டும் மழையில் சுமன் வந்தான். மொட்டைத் தலை. எலும்பும் தோலும். எங்கே வைத்திருந்தார்கள், எப்படி வந்தான் என்று இன்றுவரை அவன் சொன்னதில்லை. இரண்டாம் நாள் காலை ஒரு வேன் லயத்தின் முன்னால் நின்றது. சிவில் உடுப்பில் மூன்று பேர். சத்தம் கேட்டுப் பாடசாலையிலிருந்து ஓடிப்போனேன். சுமனை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

ஒருவன் நாகலெட்சுமியிடம் சிங்களத்தில் கேட்டான், "மே ஒயாகே புத்தாத?" இவன் உன் மகனா என்று.

அவள் சுமனின் மோவாயைப் பிடித்தாள். வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். சந்தையில் கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். என் மகன் இல்லை என்றாள், அவர்கள் மொழியிலேயே: "மகே புத்தா நெமெய்."

மூக்கன் முந்திக்கொண்டு, இறம்பொடையிலிருந்து வந்த தன் தங்கை மகன் என்றார். அவர்கள் நாகலெட்சுமியின் முகத்தையும் சுமனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தாயின் மூக்கு அப்படியே மகனின் முகத்தில் இருந்தது. நாகலெட்சுமி இமைக்கவில்லை. கடைசியில் வேன் போய்விட்டது.

அன்று பின்னேரமும் என் படியில் வந்து உட்கார்ந்தாள். "யாரு டீச்சர் அந்தப் பையன்? மூக்கண்ணன் வீட்டுல புதுசா நிக்கிறானே?"

யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். மனதுக்குள் மெச்சவும் செய்தேன். ஒரு வாரம் போனது. பிறகு ஒரு வருஷம். சுமன் மூக்கன் வீட்டிலேயே தங்கிவிட்டான். ஆரம்பத்தில் அவள் வாசலில் வந்து நின்று "அம்மா" என்பான். அவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "மூக்கண்ணே, ஒங்க தங்கச்சி மவனுக்கு ஆத்தா நெனப்பு வந்துருச்சி, வந்து பாருங்க." பிறகு அவன் அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. மாதம் ஒன்று நான் எழுதிக்கொடுப்பேன். வட்டவளை பேக்கரிக்கு வேலைக்குப் போகும் சுமனிடமே அதை நீட்டுவாள். "தம்பி, போற வழியில பெட்டியில போட்டுருப்பா." அவன் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான். போட்டானா என்று நான் கேட்டதில்லை.

தொடர்கதையை, அரசி மகனை அறியேன் என்ற இடத்தோடு நிறுத்தியிருந்தேன். 2002இல் சண்டை ஓய்ந்தபோது மிச்சத்தை எழுதினேன். ஆபத்து விலகியதும் சபை நடுவே அரசி மகனைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். பத்திரிகைக்காக எழுதவில்லை, நாகலெட்சுமிக்காக எழுதினேன். ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் காம்பராவிலேயே வாசித்தேன். சுமன் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டான். அவன் நகம் நிலையின் சாயத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

வாசித்து முடித்தேன்.

"நல்லா எழுதிருக்கீங்க டீச்சர். ஆனா அந்த மவராசிக்கு அவன் மொகம் மறந்துபோயிருக்கும். ரொம்ப நாளாச்சில்ல."

சுமன் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, இனிப் பயமில்லை. அது சுமன்தான்."

அவள் சிரித்தாள். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள், "எம் மவன் வந்தா எனக்குத் தெரியாதா டீச்சர்?"

பிறகு கடிதத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எழுதுங்க. அன்புள்ள மகன் சுமனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சொகம்." அரைச்சுவருக்கு அப்பால் மூக்கன் சோறு போடும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சுமனுக்குப் புரையேறியது. மூச்சு முட்ட இருமினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்வதை நிறுத்தவும் இல்லை. "ஒன்னப் பத்தி ஒரு தகவலும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலக்கை மட்டும் மடியிலிருந்து எழுந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, அந்த வெறும் வெளியில் உச்சந்தலையின் உயரத்தில் இரண்டு முறை மெல்லத் தட்டிவிட்டு, மறுபடி மடிக்குத் திரும்பியது.