சஹர் நேரத்து மாத்திரை

மெஹபூப் பாஷாவுக்குக் கோபம் வந்தால் ஹாரன் அடிக்கமாட்டார்; ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். சாந்தோமில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை அவர்தான் ஓட்டுகிறார். மயிலாப்பூரில் நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்களையே பொறுத்துக்கொள்கிறவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்படிப்பட்டவரைத்தான் இந்த ரம்ஜானில் போதை ஆசாமி ஆக்கிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் டிரைவர்களுக்கு வருஷாவருஷம் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. ஆழ்வார்பேட்டை லேபில் மதுவந்தி என்கிற பெண் கேட்டாள்: "இன்னிக்கு மருந்து, மாத்திரை ஏதாவது சாப்ட்டீங்களா?"

"நோன்புல கீறேன்மா. தண்ணி கூட தொண்டையில எறங்கல."

பாய் பொய் சொல்லவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு போட்ட இடுப்புவலி மாத்திரை, அவரைப் பொறுத்தவரை நோன்புக்கு முந்தியது. மதுவந்தியோ மருந்து எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டாள். சோதனையில் அபின் வகை இருப்பதாக வந்துவிட்டது.

அந்த மாத்திரையில் கோடீன் உண்டு. உடம்புக்குள் போனதும் அதில் கொஞ்சம் மார்ஃபினாக மாறும். டாக்டர் கொடுத்ததா, தெருவில் வாங்கியதா என்று முதல் சோதனைக்குத் தெரியாது. இந்த வகைச் சரக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எது என்று பிரித்துப் பார்க்க இன்னொரு சோதனை வேண்டும். அதுவரை பொறுக்க யாருக்கு முடிந்தது? சாவியை வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஷீலாவிடம் ஒரு அம்மா, "அந்த ஆளு மூஞ்சப் பாத்தாலே தெரியும்" என்றாளாம். முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருந்ததோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாய் பள்ளிவாசலுக்குப் போகவே கூசினார். அவர் மனைவி ஜஹீதாதான் யோசித்து யோசித்து, "அந்த வலி மாத்திரையா இருக்குமோ?" என்று டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, அது தான் எழுதிக்கொடுத்த மாத்திரையாகத்தான் இருக்கும் என்றார். இரண்டாவது சோதனையிலும் அவர் சொன்னபடியே வந்தது: கோடீன், அதிலிருந்து மாறிய கொஞ்சம் மார்ஃபின். ஹெராயினுக்கான அடையாளம் எதுவும் இல்லை. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் டாக்டர் அன்றைக்கே பாயையும் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னேனே? தூக்கம் வரும், வண்டி எடுக்காதீங்கன்னும் சொன்னேனே?"

"பகல்ல வலிச்சா போட முடியாது சார். அதான் சஹர்ல போட்டுக்கினேன்."

பள்ளிக்கூட மேனேஜர் தணிகாசலம் சாவியை நீட்டியபோது நானும் ஆபீசில் இருந்தேன்.

"எல்லாம் கிளியர் ஆயிடுச்சு பாய். மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கே வண்டிய எடுங்க."

பாய் கை நீட்டவில்லை. "டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒருநாள் லஸ் சிக்னல்ல பச்சை விழுந்தது எனக்குத் தெரியல சார். ஷீலாம்மாதான் தோளைத் தட்டுனாங்க. பஸ் நெறைய புள்ளைங்க. நோன்புக் களைப்புன்னு நெனச்சேன்."

"அதான் டெஸ்ட்ல ஒண்ணும் தப்பில்லன்னு வந்துடுச்சே?"

"நான் போதைக்காரன் இல்லன்னு வந்துச்சு சார். தூங்கலன்னு வரல. இந்த மாத்திரை நிக்கிற வரைக்கும் என் வண்டியில புள்ளைங்கள ஏத்தாதீங்க."