நிலா விழுகிறது என்று சொல்லிவிட்டேன்

மலாயாவில் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் வாத்தியாராக இருந்தபோது, விடியலில் பால்மரம் வெட்டுவேன், பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. மத்தியானம், கைக்குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன். இரண்டு வேலைக்கும் இருந்தது ஒரே உடம்பு. பாடத்தின் நடுவே எனக்கே கண் சொருகும்.

ஒருநாள் ஒரு பெண்பிள்ளை, நிலா ஏன் கீழே விழுவதில்லை என்று கேட்டாள். வெளியே வெயிலில் பால்மரக் காய்கள் வெடித்து, கொட்டைகள் தெறித்துக்கொண்டிருந்தன. அதையே காட்டினேன். கையிலிருந்து நழுவும் கொட்டை காலடியில் விழும். தெறிக்கும் கொட்டையும் விழத்தான் செய்கிறது, ஆனால் தள்ளிப் போய் விழுகிறது. இன்னும் பல மடங்கு வேகமாகத் தெறித்தால்? பூமி உருண்டை. கொட்டை இறங்க இறங்க, தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகும். கொட்டைக்குத் தரை அகப்படவே அகப்படாது. பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்று தடுக்குமே என்பதையும் சொல்லியிருக்கவேண்டும். அலுப்பில் விட்டுவிட்டேன். நிலாவும் இப்படி விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்று முடித்தேன்.

பிள்ளைகள் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் கொட்டகை காலி. நிலா விழப்போகிறதாம், வாத்தியாரே சொல்லிவிட்டாராம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற ஏற்பாடு நடந்தது. அதுவரை பிள்ளைகளை வெளியே விடமாட்டார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிள்ளைகள் வராவிட்டால் பள்ளியை மூடி, அவர்களைப் புல்வெட்டுக்கு அனுப்பத் தோட்டத்துத் துரை காத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். கங்காணி வழியிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னா வாத்தியாரே, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

நான் ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு, கயிறு கட்டி, தலைக்கு மேலே போகும்படி சுழற்றினேன். தண்ணீர் சிந்தவில்லை. கூட்டம் சேர்ந்தது.

"இந்தக் கயிறு மாதிரி பூமி நிலாவ இழுக்குது. நிலாவும் வேகமா ஓடுது. இழுப்பு இல்லன்னா நேரா ஓடியே போயிடும். ஓட்டம் நின்னா நம்ம மேல வந்து விழும். ரெண்டும் இருக்கு, அதான் சுத்துது."

அதற்குள் கை சோர்ந்து சுழற்சி தளர்ந்தது. வாளித் தண்ணீர் முழுவதும் என் தலையில் கொட்டியது. லயமே சிரித்தது. கங்காணியும் சிரித்துவிட்டார்.

கேள்வி கேட்ட பிள்ளையின் தாய் மட்டும் சிரிக்கவில்லை. விடியலிலிருந்து மரம் வெட்டிவிட்டு வந்து, வீங்கிய காலை நீட்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நிலாவுக்கு ஒருநாளாச்சும் ஓய்வு உண்டா, வாத்தியாரே?"

"இல்லம்மா. நின்னா விழுந்துடும்."

அவள் மகளைப் பார்த்தாள்.

"எம்மவ நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவா. அவளாச்சும் உக்காந்திருக்கட்டும்."