கௌசல்யாவுக்கு எத்தனை எழுத்து?

முதலாளி ஜமால் பாய் இருந்தார். ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் தேவி இருந்தார். வேன் டிரைவர் முருகையா இருந்தார். கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நான் இருந்தேன்.

இல்லாதவர் கௌசல்யா அக்கா. அவர் ஆஸ்பத்திரியில்.

புதன்கிழமை காலை. சிங்கப்பூர் ஜாலான் புசாரில், இரும்புக் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். நடக்க முடியாதவர்களை வேனில் டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறோம். செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு வேன் போகவில்லை. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வீல்சேரில் காத்திருந்திருக்கிறார். சாயங்காலம் மூச்சு முட்டி... ஆம்புலன்ஸ்.

"ஏன் போகல?" என்றார் பாய்.

"போன்ல பேர் வரல பாய்," என்றார் முருகையா.

"லிஸ்ட்ல இருக்கே! பாரு."

திரையில் இருந்தது. கௌசல்யா.

"எனக்கு வரல லா, பாய்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

முருகையா தினம் மலேசியாவின் ஜோகூரிலிருந்து உட்லண்ட்ஸ் எல்லை தாண்டி வருபவர். வேலை போனால் பர்மிட்டும் போகும். வேலைநீக்கக் கடிதம் மேசையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"பத்து நிமிஷம் கொடுங்க பாய்," என்றேன்.

என்னிடம் ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரியைச் சிவப்பாகக் காட்டும். சர்வரில் எது கெட்டாலும் முதலில் அதைத்தான் திறப்பேன். திங்கள்கிழமைதான் புது சர்வருக்கு மாறியிருந்தோம். பழைய லிஸ்டையும் புது லிஸ்டையும் போட்டேன்.

கௌசல்யா — சிவப்பு.

இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரே பெயர். எங்கே வித்தியாசம்?

"கண்ணாடியைத் துடைங்கண்ணே," என்று சிரித்துக்கொண்டே தேவி குனிந்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"அண்ணே... இது கௌ இல்ல. கெ, தனியா ஒரு ள. ரெண்டு எழுத்தா அடிச்சிருக்கு."

கௌசல்யா. கெளசல்யா. கண்ணுக்கு ஒன்று. மெஷினுக்கு வேறு ஆள். கிளினிக் அனுப்பும் பெயரும் எங்கள் லிஸ்டில் உள்ள பெயரும் ஒத்துப்போனால்தான் டிரைவர் போனுக்குப் போகும்.

"யார் அடிச்சது?" என்றார் பாய்.

சர்வர் மாற்றியபோது சில பெயர்கள் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தன. உட்கார்ந்து நானே அடித்தேன். தமிழை ஆறாம் வகுப்போடு விட்டவன். எழுத்தைப் பார்த்த மாதிரி அடித்தேன். கொம்பு, க, ள.

"நான்தான் பாய்."

பாய் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். முருகையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே... அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றார்.

போனேன். அக்கா கண் திறந்திருந்தார். சொன்னேன். "என் பேரை எழுத எனக்கே வராது," என்றார். அது மன்னிப்பா? தெரியவில்லை.

மெஷின் சிவப்பைத்தான் காட்டும். யார் செய்தது என்று காட்டாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்து மிச்சச் சிவப்பைப் பார்த்தேன். கௌரி. சௌந்தரம். தௌலத் பீவி. நௌஷாத்... அந்த வாரமே இனி வேன் வர வேண்டியவர்கள். அக்காவைச் சேர்க்காமல் எண்ணினேன்.

பதினொன்று.