மாமாவின் காரில் காணாமல்போன ஜெட்டு

வியாசர்பாடியில் மாமாவின் பழைய கறுப்புக் கார் ஆறு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. எண்ணூர் சாலையில் ஓட்டி வரும்போது வலிப்பு வந்து, முன்னால் நின்ற லாரியில் மோதியிருந்தார். இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆறாவது வருடம் எனக்கு ஒன்பது வயது. "மாமாவுக்கு மயக்கம்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை அவர் தார்ப்பாயை உருவினார். "சாயங்காலம் காசிமேடு வரைக்கும் ஒரு ரவுண்டு, பாப்பா!"

"யோவ், இத்த எட்த்துகினு போனே, நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்," என்று அத்தை மதியம் வரை கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை.

டேங்கிலிருந்த பெட்ரோல் பெயின்ட் போல நாறியது. வடித்துவிட்டு, டேங்கைக் கழற்றி, உள்துருவை உரிக்கக் கைப்பிடி ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு வாயை அடைத்தார். தெருப் பையன்கள் டேங்கைப் பந்தாக உருட்டிக்கொண்டு போனார்கள். பெட்ரோல் குழாய்க்குச் சைக்கிள் பம்பால் காற்றடித்தார். கார்பரேட்டரைக் கழற்றி, கழுவி, பாகங்களைத் தாம்பாளத்தில் வைத்தார். மொத்தம் பதினொன்று. நோட்டில் எழுதிக் காவல் இருந்தது நான். நடுவில் அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

திரும்பப் பூட்டும்போது பத்துதான் இருந்தன. பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டு, மிளகளவு, இல்லை.

"புதுப்பேட்டை பார்ட்ஸ் கடை பூரா அலைஞ்சாலும் இது கெடைக்காது! இன்னா பாத்துகினு இருந்தே நீ?"

நான் அழுதேன். அத்தைதான் சல்லடை எடுத்துவந்து வாசல் மண் முழுவதையும் சலித்தாள். மாமா எரிச்சலாகிவிட்டார்.

"காத்தாலேர்ந்து கத்திகினு இருந்தியே, இப்போ இன்னாம்மே, வாய்ல கொழுக்கட்டையா?"

அத்தை பதில் சொல்லாமல் சலித்தாள்.

இருட்டியபோது மாமா காரைத் திரும்ப மூடினார். முகம் கழுவக் கொல்லைக் குழாய்க்குப் போனேன். அங்கே அத்தை குனிந்து எதையோ உள்ளங்கையில் துப்பினாள். மஞ்சளாக மின்னியது.

"அத்தை, தங்கப்பல்லா?"

அவள் அதை முந்தானையில் முடிந்தாள். "ஆமாடி, வுழுந்துச்சு. மாமாவாண்ட சொல்லாதே, கெயவின்னு சிரிப்பாரு."

நான் சொல்லவில்லை. நோட்டில் பதினோராவது வரியில் 'தொலைந்தது' என்று எழுதினேன். உள்ளே, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமாவின் காலடியில் உட்கார்ந்து அத்தை அழுதுகொண்டிருந்தாள். பெரியவர்களுக்குப் பல் விழுந்தால் இவ்வளவு வலிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.